விமானி ஜாக்கெட்டில் காசு எங்கே குறைந்தது?

சனிக்கிழமை காலையில் திண்டிவனத்தில் புதுச்சேரி சாலை பிரியும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். சென்னையிலிருந்து வரும் புல்லட் கூட்டம் வரிசையாக ஜிஎஸ்டி சாலையை விட்டுத் திரும்பும். அவர்களில் சிலர் அந்த வெயிலிலும் தோல் ஜாக்கெட்டைக் கழற்றுவதில்லை. பழுப்பு நிறம், சட்டைக் காலர், முன்பக்கம் மூடி வைத்த இரண்டு பைகள், இடுப்பிலும் மணிக்கட்டிலும் பின்னல் பட்டை, நடுவே ஜிப். இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் அமெரிக்க விமானிகள் போட்டுக்கொண்டு வருவார்களே, அந்த ஏ-2 ஜாக்கெட்டின் நகல். ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, அதைப்போலப் பத்து மடங்கு விலைக்கும் கிடைக்கிறது. படத்தில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

மலிவு என்றாலே மோசம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. விலையைக் குறைக்க வேண்டுமானால் தயாரிப்பவர் எங்காவது கை வைத்துத்தான் ஆக வேண்டும். ஜிப்பில் வைக்கலாம், உள்துணியில் வைக்கலாம், பின்னல் பட்டையில், தையல் கூலியில், அல்லது தோலிலேயே வைக்கலாம். இவற்றில் தோலையும் தையலையும் தவிர மற்றவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ள வழி உண்டு. அதனால் விலை குறைந்த ஜாக்கெட்டைக் கையில் எடுத்ததும் நல்லதா, கெட்டதா என்று யோசிப்பதைவிட, காசு எங்கே குறைந்தது என்று தேடுவது புத்திசாலித்தனம். தேடுவதற்குத் தோலின் உடற்கூறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அசலைப் பற்றி. ஏ-2 மாதிரியை அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1931இல் ஏற்றுக்கொண்டது. அன்றைய விமானி அறைகளில் சூடேற்றும் வசதி பெரும்பாலும் கிடையாது. மேலே போகப் போக ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும். தரையில் 35 டிகிரி கொதித்தாலும் ஆறு கிலோமீட்டர் உயரத்தில் தண்ணீர் உறைந்துவிடும். காற்று புகாத, கனமில்லாத மேலுடை வேண்டும் என்பதற்குத் தோல் சரியாக இருந்தது. கடுங்குளிருக்கு உரோமத்தோடு பதனிட்ட செம்மறித் தோல் ஜாக்கெட்டுகள் தனியாக இருந்தன. ஏ-2 கோடைக்கால உடை என்றே வகைப்படுத்தப்பட்டிருந்தது. இதைச் சித்திரை மாதம் விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்பில் சிக்னலுக்காக ஜாக்கெட்டோடு நிற்பவரிடம் சொல்லிப் பாருங்கள். உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு விமான தளம் இருந்தது. அங்கே தரையிறங்கிய விமானிகள் முதல் வேலையாக எதைக் கழற்றியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை.

போர்க்கால ஏ-2க்களில் பெரும்பாலானவை குதிரைத் தோல். வெள்ளாட்டுத் தோலிலும் தைத்தார்கள். ஏரோ, ரஃப் வேர், பெர்ரி என்று பல நிறுவனங்கள் ஒப்பந்தம் எடுத்துத் தைத்ததால் ஒவ்வொருவருடைய காலரும் பை மூடியும் சற்றே வேறுபட்டன. எனவே 'அச்சு அசல் ஏ-2' என்று ஒரே ஒரு வடிவம் கிடையாது. 1943இல் ராணுவம் தோலை விட்டுத் துணி ஜாக்கெட்டுக்கு மாறியது. கடற்படையின் ஜி-1 ஜாக்கெட் மட்டும் வெள்ளாட்டுத் தோலில் தொடர்ந்தது. 1986இல் வந்த 'டாப் கன்' படத்தில் டாம் குரூஸ் போட்டிருந்தது அந்த வகைதான். 1988இல் அமெரிக்க விமானப் படை ஏ-2வை மறுபடி கொண்டுவந்தபோது அதுவும் வெள்ளாட்டுத் தோலில்தான் வந்தது. குதிரைத் தோலுக்கு இன்று விலை அதிகம். மலிவு நகல்களில் அதை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. வெள்ளாட்டுத் தோல் என்றால் அது இரண்டாந்தர மாற்று என்று நினைக்கவும் வேண்டாம்.

அந்த வெள்ளாடு நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை சாலையில் போனால் செஞ்சி. வெள்ளிக்கிழமை அங்கே கூடும் வாரச்சந்தை ஆட்டு வியாபாரத்துக்குப் பேர்போனது. தீபாவளி, பக்ரீத் நெருங்கினால் கோடிக்கணக்கில் பணம் புரளும். சந்தையில் எல்லாரும் பார்ப்பது கறியை. தோல் உபரி. அறுத்த இடத்தில் உப்பு தடவி, சேகரிப்பவர் கைமாறி, சென்னைப் பெரியமேட்டுக்கோ ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கமோ போய்ச் சேரும். ஜாக்கெட்டின் தரம் தீர்மானமாகும் முதல் இடம் அந்தக் கத்திமுனைதான். தோலை உரிக்கும்போது உள்பக்கத்தில் கத்தி பட்டால் அந்த இடம் மெலிந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. பிறகு அது முழங்கைக்கு வந்து அமைந்தால் அங்கேதான் முதலில் கிழியும்.

தோலை நறுக்கி ஓரத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் மேலிருந்து கீழாக அடுக்குகள் தெரியும். உரோமமும் வெளித்தோலும் சுண்ணாம்புத் தொட்டியிலேயே போய்விடும். மிஞ்சுவதில் மேலே இருப்பது உரோமக் குழிகள் கொண்ட மெல்லிய அடுக்கு. நாம் தடவிப் பார்க்கும் வழவழப்பும் மடிப்பும் அதன் கைங்கரியம். அதற்குக் கீழே நார்க்கற்றைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் அடுக்கு. வலு அதில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் மூலப்பொருள் கொலாஜன் என்ற புரதம்.

கொலாஜனின் வடிவத்தைக் கண்டுபிடித்த இடமும் இந்த ஜிஎஸ்டி சாலை போய் முடியும் கிண்டியில்தான் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இலும் 1955இலும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னல் சென்னைக்கு வந்தபோது, கொலாஜன் இன்னும் புரியாத புதிராக இருக்கிறது என்று சொன்னதில் கிளம்பிய ஆய்வு அது. எக்ஸ் கதிர் படம் எடுக்கக் கங்காரு வால் தசைநாண் பயன்பட்டது. 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்து வளாகம். செருப்புத் தோலுக்கும் மூலக்கூறு உயிரியலுக்கும் இவ்வளவு நெருக்கமான அக்கம்பக்கம் உலகில் வேறெங்கும் அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த மும்முறுக்கை ஈரத்தோடு சூடாக்கினால் அவிழ்ந்து சுருங்கிவிடும். பச்சைத் தோல் 65 டிகிரிக்குப் பக்கத்திலேயே சுருங்கும். சங்கிலிகளுக்கு இடையே புதுப் பிணைப்புகள் போட்டு இந்த வெப்பநிலையை உயர்த்துவதுதான் பதனிடுதல். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்புச் சத்து அதைச் சுமார் 75 முதல் 85 டிகிரி வரை கொண்டுபோகும். குரோமியம் உப்பு 100 டிகிரிக்கு மேலேயே ஏற்றிவிடும். டேனரிகளில் குரோம் தோல் துண்டைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டு, சுருங்கவில்லை என்றால் 'வெந்துவிட்டது' என்று கணக்கில் வைப்பார்கள்.

இரண்டு முறைக்கும் நம் வட்டாரத்தோடு உறவு உண்டு. ஆவாரம்பட்டைப் பதனீட்டை வணிக அளவுக்கு உயர்த்தியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரியைச் சேர்ந்த சார்லஸ் டி சூசா என்று சென்னை மாகாணத்தின் பழைய தொழில் பதிவுகள் சொல்கின்றன. அந்தத் தோல் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. குரோம் பதனீட்டை இங்கே கொண்டுவந்தவர் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் முயன்றது ஜாக்கெட்டுக்காக அல்ல, கவலை ஏற்றத்தின் தோல் சாலுக்காக. கிணற்றுத் தண்ணீரில் நாள் முழுக்க முங்கி எழும் சால் பட்டைத் தோலில் செய்தால் சீக்கிரம் அழுகும். குரோம் தோல் தாக்குப்பிடித்தது. பிறகு சேம்பர்ஸ் என்பவர் நடத்திய குரோம் தோல் ஆலையின் பெயரைத்தான் ஜிஎஸ்டி சாலையிலேயே குரோம்பேட்டை தாங்கி நிற்கிறது. இன்று கிடைக்கும் மலிவு ஜாக்கெட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே குரோம் தோல்தான். மென்மை, நிறம் ஏற்பது, ஈரம் தாங்குவது எல்லாவற்றுக்கும் அதுவே தோதானது. பட்டைத் தோல் ஜாக்கெட் விறைப்பாக இருக்கும், போகப் போகக் கருக்கும். அதற்கென்று ரசிகர்கள் உண்டு, விலையும் தனி.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். தடிமன்.

மாட்டுத் தோல் இயல்பில் நான்கு, ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். ஜாக்கெட்டுக்குத் தேவை ஒரு மில்லிமீட்டர். ஆகவே எந்திரத்தில் கொடுத்துக் குறுக்கே சீவுவார்கள். சீவும்போது போவது அடியில் இருக்கும் நார்ப்பின்னல், அதாவது வலு. மேலே தங்கும் மெல்லிய ஏட்டில் உரோமக் குழி அடுக்கின் பங்கு அதிகம், நாரின் பங்கு குறைவு. தடிமன் ஐந்தில் ஒன்றானால் வலுவும் ஐந்தில் ஒன்றாக நிற்காது. அதைவிடக் கீழே இறங்கிவிடும். வெள்ளாட்டுத் தோலோ பிறப்பிலேயே ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. அதை லேசாகச் சமன்படுத்தினால் போதும், நார் அடுக்கு பெரும்பாலும் முழுசாகத் தங்கும். பின்னலும் நெருக்கமானது. 'மாட்டுத் தோல்தான் கெட்டி' என்று கடைக்காரர் சொல்வது செருப்புக்கும் பெல்ட்டுக்கும் உண்மை. மெல்லிய ஜாக்கெட்டுக்கு வரும்போது கதை மாறிவிடுகிறது.

செம்மறித் தோல் பட்டு மாதிரி மென்மை, தொட்டதும் பிடித்துப்போகும். கையுறைக்குத் தமிழ்நாட்டுச் செம்மறித் தோல் உலகச் சந்தையில் மதிப்புள்ளது. ஆனால் செம்மறிக்கு மேல் அடுக்குக்கும் நார் அடுக்குக்கும் நடுவே கொழுப்பு அதிகம். பதனிடும்போது கொழுப்பு போன இடம் வெற்றிடமாக நிற்கும். நாளடைவில் இரண்டு அடுக்கும் பிரிந்து தோல் தொளதொளக்கும். கம்பளி ஆடுகளில் இது கூடுதல். நம் ஊர் உரோம ஆடுகளில் குறைவு. நிகழ்ச்சிக்கு மட்டும் போட்டுக்கொள்ளச் செம்மறி தாராளமாகப் போதும். வண்டியில் தினம் போடுபவருக்கு என் ஓட்டு வெள்ளாட்டுக்குத்தான்.

மாட்டுத் தோலைச் சீவியபோது அடியில் ஒரு ஏடு மிஞ்சியதே, அது என்னாகும்? அதற்கு மேல்பரப்பு கிடையாது, இரண்டு பக்கமும் பஞ்சு மாதிரி சொரசொரக்கும். அதன்மேல் பாலியூரித்தேன் படலத்தை ஒட்டி, உருளையில் கொடுத்து ஆட்டுத் தோல் போல் வரி வரியாக அச்சுப் பதித்தால் பார்வைக்கு அருமையான தோல் தயார். 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரையை இதன்மேலும் குத்துவார்கள். அடியில் இருப்பது தோல்தானே என்பது அவர்கள் வாதம். சர்வதேசத் தர வரையறை மேற்பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை வெறுமனே தோல் என்று சொல்லக் கூடாது என்கிறது. அந்த வரையறையைச் சந்தையில் அளந்து பார்ப்பவர் யார்? இதற்கும் ஒரு படி கீழே, சீவல் தூளை அரைத்துப் பசையோடு தட்டிய 'பாண்டட் லெதர்'. கடைசியில் நாம் எல்லாரும் அறிந்த ரெக்சின்.

பாலியூரித்தேன் படலத்தின் எதிரி தண்ணீர். மலிவான வகைகளில் இருக்கும் எஸ்டர் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஈரம் ஒவ்வொன்றாக அறுக்கும்; வெப்பம் அந்த வேலையை விரைவுபடுத்தும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தே இருக்கும் கடலோர மாவட்டத்தில் அது பீரோவுக்குள் தொங்கினாலும் கெடும். இரண்டு, மூன்று ஆண்டில் காலரிலும் முழங்கையிலும் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். காலரில் முதலில் உதிரக் காரணம், கழுத்து வியர்வையும் தலை எண்ணெயும். இதற்கு மருந்து கிடையாது. பாலிஷ் போட்டாலும், எண்ணெய் தடவினாலும், உதிர்ந்த இடத்துக்கு நிறம் அடித்தாலும் வீண்.

தோலா, ரெக்சினா என்று கண்டுபிடிக்க ஃபோனில் பரவும் சோதனைகள் ஏராளம். பெரும்பாலானவை இந்தப் படலம் ஒட்டிய தோலிடம் தோற்றுவிடும். நெருப்பு வைத்தால் முடி கருகும் வாடை வந்தால் தோல் என்பார்கள்; அடி ஏடும் புரதம்தானே, அதே வாடைதான் வரும். தண்ணீர் சொட்டை உறிஞ்சினால் தோல் என்பார்கள். நிறமி பூசிய நல்ல வெள்ளாட்டுத் தோலிலும் சொட்டு உருண்டுதான் ஓடும். வாசனையைப் பாட்டிலில் விற்கிறார்கள். ஜாக்கெட்டோடு நூலில் தொங்கும் மாதிரித் துண்டை வெட்டிக் கொதிநீரில் போடலாம்தான். அந்தத் துண்டு இதே ஜாக்கெட்டின் தோலில் வெட்டியது என்பதற்கு என்ன சாட்சி?

பொய் சொல்லாதது வெட்டிய ஓரம். ஜாக்கெட்டில் எல்லாம் உள்துணிக்குள் மறைந்திருக்கும் என்றாலும் முழுதாக மறைக்க முடிவதில்லை. விழுப்புரத்தில் நண்பர் ஒருவர் வாங்கிய ஜாக்கெட்டைச் சென்ற மழைக்காலத்தில் புரட்டிப் பார்த்தேன். முன்பையின் மூடியைத் தூக்கினால் அதன் உள்மூலையில் மடித்துத் தைக்காத ஓரம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. ஃபோன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மேலே பழுப்பாக ஒரு கோடு, பிளாஸ்டிக் தாளின் விளிம்பு போலப் பளபளப்பாக, சீரான கனத்தில். அதற்குக் கீழே திடீரென்று சாம்பல் நீலத்தில் நார்ப்பிசிர். இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு துல்லியம். நகத்தால் நெருடினால் மேல் கோடு தனியே எழும்பியது. உண்மையான மேல்தோலில் இந்த எல்லை இருக்காது. மேலே நெருக்கமாக இருக்கும் நார் கீழே போகப் போகத் தளர்ந்து இறங்கும், பூச்சு இருந்தாலும் மயிரிழை கனத்துக்குத்தான் இருக்கும். நண்பர் 'இதில் தோல் இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்' என்றார். இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல?

ஓரம் கிடைக்காவிட்டால் பரப்பையே நன்றாகப் பார்க்கலாம். வெள்ளாட்டின் உரோமக் குழிகள் சிறு சிறு பிறை வரிசைகளாக இருக்கும். மாட்டுக்கு ஒரே சீரான புள்ளிகள். எருமைக்குப் பெரிய, அகன்று நிற்கும் குழிகள். உருளை அச்சில் பதித்த வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். முதுகுப் பரப்பில் ஏதாவது ஒரு வித்தியாசமான சுழியைப் பிடித்துக்கொண்டு அதன் இரட்டைப் பிறவி வேறெங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஆட்டின் தோலில் அது இருக்க வாய்ப்பில்லை. உண்ணி கடித்த வடு, முள் கீறிய கோடு எங்காவது ஒன்றிரண்டு தென்பட்டால் முகம் சுளிக்க வேண்டாம். அவை இருக்கின்றன என்றால் மேல்பரப்பைத் தேய்த்து எடுக்கவில்லை என்று பொருள்.

பிறகு, கட்டைவிரலால் தோலை அழுத்தித் தள்ளிப் பாருங்கள். நார் இறுக்கமாக இருந்தால் நெருக்கமான, மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, விரலை எடுத்ததும் மறையும். அடுக்குகள் பிரிந்த தோலில் குழாய் குழாயாகப் பெரிய மடிப்பு எழும், எடுத்த பிறகும் தங்கும். எல்லா ஆட்டுக்கும் முதுகெலும்பை ஒட்டிய தோல் இறுக்கம். வயிற்றுப் பக்கம் தளர்வு. நல்ல கட்டிங் மாஸ்டர் முதுகுத் தோலை ஜாக்கெட்டின் முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் எடுத்து, வயிற்றுத் தோலை அக்குளுக்கும் கையின் உள்பக்கத்துக்கும் ஒதுக்குவார். தோலை மிச்சம் பிடிக்கச் சொன்னால் அவரால் இப்படிப் பார்த்துப் பார்த்து வெட்ட முடியாது. ஆகவே அழுத்திப் பார்க்க வேண்டிய இடம் மார்பும் முழங்கையும். அக்குள் தொளதொளத்தால் அது குறையே இல்லை.

துண்டுகளையும் எண்ணலாம். அசல் ஏ-2வின் முதுகு ஒரே துண்டு. அதற்கு ஏறத்தாழ இரண்டடிக்கு இரண்டடி பழுதில்லாத தோல் வேண்டும். நம் ஊர் வெள்ளாட்டின் தோல் ஒன்று சராசரியாக நாலு, ஐந்து சதுர அடி. அதுவும் கால், கழுத்து எல்லாம் சேர்த்து ஒழுங்கற்ற வடிவம். பெரிய ஆடாக இருந்தாலொழிய ஒரே துண்டு முதுகு எடுக்க முடியாது. எனவே மலிவு வெள்ளாட்டு ஜாக்கெட்டில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு குறுக்குத் தையல் இருந்தால் நான் அதை மன்னித்துவிடுவேன். தோள், கை, முன்பக்கம் என்று எங்கு பார்த்தாலும் உள்ளங்கையகலத் துண்டுகள் என்றால் அது கழிவில் தைத்தது. வெயிலில் கொண்டுபோய் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தால் நிறம் ஒத்துப்போகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இந்தப் பரப்புக் கணக்கே விலைக்கும் உரைகல். வெட்டும் கழிவையும் சேர்த்தால் ஒரு ஜாக்கெட்டுக்கு 35 முதல் 40 சதுர அடி தோல் பிடிக்கும், அதாவது எட்டு, ஒன்பது ஆடு. பதனிட்டு, நிறமேற்றிய தோல் சதுர அடி வெறும் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே தோலுக்கு மட்டும் 3,500 ரூபாய்க்கு மேல் ஆகிறது. தையல் கூலி, ஜிப், உள்துணி, கடை வாடகை எதுவும் இதில் சேரவில்லை. 'ஒரிஜினல் வெள்ளாட்டுத் தோல், 1,999 ரூபாய்' என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கோடு படித்தால் ஜாக்கெட்டைப் பார்க்கவே வேண்டாம்.

தையலுக்கு வருவோம். துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும், தோலில் துளை போட்டுக்கொண்டு போகும். துளை மூடாது. ஆகவே நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்ற துணிக்கடை நியாயம் இங்கே செல்லாது. துளைகள் நெருங்கினால் தபால் தலையின் ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும். ஓர் அங்குலத்துக்கு எட்டிலிருந்து பத்துத் தையல் சரியான அளவு. தையலுக்குப் பக்கத்தில் வெற்றுத் துளை வரிசை தெரிந்தால் பிரித்துத் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நூல் நைலானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்க வேண்டும். போர்க்கால ஜாக்கெட்டின் பருத்தி நூலை அப்படியே நகலெடுத்திருக்கிறோம் என்று பெருமையாக விற்பவர்களும் உண்டு. வியர்வையில் பருத்தி நூல் இற்றுப்போகும், அந்த அளவுக்கு அசல் நமக்கு வேண்டாம்.

காசு குறைந்தது ஜிப்பில் என்றால் கவலையே வேண்டாம். மலிவு ஜிப்பில் பல்லும் ரன்னரும் துத்தநாகக் கலவை வார்ப்பு. ஓராண்டில் ரன்னர் வாய் அகன்று பல்லைப் பிடிக்காமல் நழுவும். கனமான மெஷின் வைத்திருக்கும் பை தைப்பவரிடம் கொடுத்து, பழைய துளைகளிலேயே ஊசி இறங்கும்படி பித்தளை ஜிப் போடச் சொன்னால் ஜாக்கெட் அசலை விடவும் நன்றாக ஓடும். பின்னல் பட்டையும் அப்படியே. அசலில் கம்பளி, நகலில் அக்ரிலிக். தொய்ந்துபோனால் மாற்றலாம். உள்துணி அசலில் முதலில் பட்டும் பிறகு பருத்தியுமாக இருந்தது. மலிவில் வழுவழுப்பான பாலியெஸ்டர். இந்த ஒன்றை மட்டும் வாங்கியவுடனே பருத்திக்கு மாற்றிவிடச் சொல்வேன். தோல் தன் எடையில் 14 விழுக்காடு வரை ஈரத்தைச் சாதாரணமாகவே வைத்துக்கொள்ளும். வியர்வை ஆவியை உள்ளே வாங்கி வெளியே விடும் அந்தக் குணத்தைப் பாலியெஸ்டர் உள்துணி பாதி கெடுத்துவிடுகிறது. இடுப்பருகே பக்கவாட்டில் கை நுழைக்கும் பையும், உள்ளே ஃபோன் வைக்கும் பையும் அசல் ஏ-2வில் கிடையாது. நகலில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

வியர்வையைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துக் காலரின் உள்பக்கத்தில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். பழுப்பு ஏறினால் சாயம் பிடிக்கவில்லை. அது உங்கள் கழுத்துக்கும் சட்டைக்கும் வரும். சாயம் எந்த வகை என்பது கண்ணுக்குத் தெரியாது. புற்றுநோய்க்கு வழிவகுக்கும் சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடை செய்தபோது ஆம்பூரும் ராணிப்பேட்டையும் ஆடிப்போய், சாயங்களையே மாற்ற வேண்டியதாயிற்று. பதனிடப் பயன்படும் மூவிணைதிற குரோமியம் தீங்கற்றது என்றாலும், தவறான கொழுப்பெண்ணெயும் வெப்பமும் சேர்ந்தால் அது ஆறிணைதிற வடிவுக்கு மாறி ஒவ்வாமையைக் கிளப்பும். தோலில் படும் பொருள்களில் அது ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015இலிருந்து நடப்பில் இருக்கிறது. அதனால் ஏற்றுமதிக்குத் தைத்து, ஆர்டர் ரத்தாகித் திரும்பிய சரக்கு எங்காவது கிடைத்தால், கட்டிங் கொஞ்சம் வெள்ளைக்காரர் உடம்புக்கு இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இது உட்கார்ந்து விமானம் ஓட்டியவர்களுக்கு வெட்டிய உடை. தோளிலும் முழங்கையிலும் அடி தாங்கும் பட்டை கிடையாது, ஒரு மில்லிமீட்டர் வெள்ளாட்டுத் தோல் தார்ச்சாலையில் உரசினால் துணியைவிட மேல் என்ற அளவுக்குத்தான் உதவும். நூறில் பறக்கிறவர்கள் ரைடிங் ஜாக்கெட் தனியாக வாங்குவது நல்லது.

வாங்கியாயிற்று என்றால் ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை பிடிக்கும். நல்ல தோலுக்கும் பிடிக்கும். பாலிதீன் உறையில் போட்டுக் கட்டி வைக்காமல், அகலமான ஹேங்கரில் காற்றாடத் தொங்கவிட்டு, வெள்ளைப் படலம் தெரிந்தால் உலர்ந்த துணியால் வெளியே வைத்துத் துடைத்து நிழலில் ஆற விடுங்கள். மழையில் நனைந்தால் புல்லட்டின் சைலன்சர் பக்கமோ மொட்டைமாடி வெயிலிலோ காயப்போட வேண்டாம். சூட்டில் காய்ந்தால் நார்களுக்கு நடுவே இருக்கும் எண்ணெய் இடம்பெயர்ந்து தோல் விறைத்துவிடும். மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் போதும்.